கரும்பலகையில் ‘டேக் = எடு’ என்று எழுதாதீர்கள்

ஹேவாஹெட்டவிலும் அதைச் சுற்றிய தோட்டங்களிலும் இங்கிலீஷ் படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

உங்களில் சிலர் கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஏறி வரும் காலை பஸ்ஸில் வருகிறீர்கள். சிலர் இதே லயங்களில் பிறந்து, படித்து, திரும்பி வந்து, நீங்கள் உட்கார்ந்திருந்த அதே வகுப்பறையில் இப்போது ஆசிரியராக நிற்கிறீர்கள். இரு பகுதியாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நானும் இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வினைச்சொல்லைப் பற்றி. ‘டேக்’.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அத்தைக்கு முழங்கால் வலி. சரிவு மலையில் முப்பது வருசம் கூடை சுமந்தவருக்கு வராமல் இருக்குமா? டவுனுக்குப் போன யாரிடமோ சொல்லிவிட்டு ஒரு போத்தல் மருந்து வாங்குவித்திருந்தார். கபில நிறப் போத்தல். லேபலில் எல்லாம் இங்கிலீஷ். அடியில் சிவப்பு எழுத்தில் தனியாக ஒரு வரி. “வாசிச்சுச் சொல்லு தம்பி” என்று என்னிடம் நீட்டினார். லயத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை நான் ஒருத்தன்தான். கூட்டி வாசித்தேன்: ‘நொட் டு பி டேக்கன்’. என் கொப்பியில் ‘டேக் - எடு, டுக் - எடுத்தான், டேக்கன் - எடுக்கப்பட்ட’ என்று இருந்தது. அதை அப்படியே சொன்னேன்: “எடுக்கப்படக் கூடாதாம் அத்தை.”

அத்தை அதை அவருக்குத் தெரிந்த வகையில் விளங்கிக்கொண்டார். வேறு யாரும் எடுக்கக் கூடாத மருந்து, விலையான மருந்து. பிள்ளைகள் கைபடாமல் சாமி தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று இரவு சாப்பிட்டு முடித்து, ஒரு தேக்கரண்டி ஊற்றிக் குடித்துவிட்டார்.

அது மேலுக்குத் தேய்க்கிற மருந்து. தொண்டை எரிந்து, வாந்தி எடுத்து, சுருண்டு விழுந்தவரைக் கம்பளியில் சுற்றித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள். டிஸ்பென்சரி ஐயா போத்தலைக் கேட்டு வாங்கி, லாம்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குடிக்கக் கூடாது என்று இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறதே, யாரும் வாசித்துச் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை பிழைத்துவிட்டார். ஒரு மாதம் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. என்மேல் ஒரு சொல் கோபிக்கவில்லை. “எங்க தம்பி இங்கிலீஷ் வாசிக்கும்” என்று அதற்குப் பிறகும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அகராதி அப்படித்தான் சொல்கிறது. என் கொப்பியில் ஆசிரியர் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தார். சொல் சரி, இலக்கணம் சரி, செயப்பாட்டுவினை சரி. ஆனால் இங்கிலீஷ்காரன் மருந்தோடு சேர்த்து ‘டேக்’ என்று சொன்னால் அது உள்ளுக்குக் கொள்வது. நாம் மருந்தோடு ‘எடு’ என்று சொன்னால் வேறு. “மருந்து எடுக்கப் போறேன்” என்றால் டொக்டரிடம் காட்டி மருந்து வாங்கப் போகிறேன் என்பது பொருள். வாயில் போடுவதற்கு நமக்கு ‘குடி’ இருக்கிறது, ‘போடு’ இருக்கிறது. ‘எடு’, ‘டேக்’ என்ற இரண்டு சொல்லும் ஒரே போத்தலைச் சுற்றி நிற்கின்றன, ஒன்று போத்தலைத் தூக்குகிறது, மற்றது விழுங்குகிறது. அந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இது என் ஆசிரியரின் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. மலையகத்துக்கு இங்கிலீஷ் வந்த வழியே அப்படி. இந்த மண்ணில் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நம் பக்கத்து லூல்கந்துரவில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தம் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, கரி அடுப்பில் வாட்டித் தேயிலை செய்து பார்த்தார். கோப்பியை இலைநோய் தின்றபோது தேயிலை நிலைத்தது. அந்தத் தேயிலையோடு இங்கிலீஷும் லயங்களுக்குள் நுழைந்தது. எப்படி நுழைந்தது? பெயர்ச்சொற்களாக. ‘லைன்’ லயமானது. ‘பரேட்’ பெரட்டானது. செக்ரோல், ஸ்டோர், டிவிசன், கிளாக்கர், டிஸ்பென்சர் எல்லாம் பெயர்கள். காட்டிச் சொல்லக்கூடிய பொருட்களும் ஆட்களும்.

வினைச்சொற்கள் மட்டும் நம் பக்கம் வரவில்லை. துரைமார் தங்கள் வினைச்சொற்களைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டு, எங்களுடைய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள், அதுவும் ஏவல் வடிவில். 19ஆம் நூற்றாண்டிலேயே சின்னத் துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான ஒரு தமிழ்க் கையேட்டின் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. வா, போ, எடு, வெட்டு, சுமந்து வா. ஒரு மொழியின் வினையை ஏவலாக மட்டும் கற்றவனுக்கு அந்த மொழி பேசுகிறவர்கள் எதை விரும்புகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரியவராது. வினையே கிடைக்காமல் பெயர்களை மட்டும் பெற்றவனின் நிலை அதைவிட மோசம். அவனால் பொருட்களைச் சுட்டிக்காட்ட முடியும், ஒன்றையும் சொல்ல முடியாது. நம் பிள்ளைகள் இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நூறு இங்கிலீஷ் பெயர்ச்சொல் சொல்வார்கள். ஒரு வாக்கியம் கேட்டால் தலை குனிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது சில இங்கிலீஷ் வினைகளை நாம் ‘பண்ணு’ சேர்த்துப் பழக்கிக்கொள்கிறோம்: செக் பண்ணு, வெயிட் பண்ணு, கட் பண்ணு. ஆனால் ‘டேக் பண்ணு’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘கெட் பண்ணு’? ஒருவரும் சொல்வதில்லை. இந்தச் சின்ன வினைகளுக்குத் தனியாக நிற்கும் ஒரு பொருள் இல்லை, பக்கத்தில் நிற்கிற சொல்லிடமிருந்துதான் உயிர் வருகிறது. அதனால்தான் அகராதி செய்கிறவர்களுக்கு நீளமான பெரிய சொற்களைவிட இவைதான் பெரும்பாடு. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. அதற்குப் பிந்திய திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கணக்கிட்டார்கள். ‘டேக்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதை ஒரே சொல்லில் மொழிபெயர்த்துக் கொப்பியில் எழுதவைப்பது, ஒரு மலையைப் பிடுங்கிக் கூடையில் போடச் சொல்வது போன்றது.

‘டேக்’ கூட இங்கிலீஷில் பிறந்த சொல் இல்லை. பழைய இங்கிலீஷ்காரன் ‘நிமன்’ என்ற வினையைத்தான் வைத்திருந்தான். கடல் தாண்டி வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கண்டிநேவிய நாட்டார் கொண்டுவந்த சொல் ‘டாக்கா’. சில நூற்றாண்டுக்குள் வந்தேறிய சொல் ஊர்ச்சொல்லைத் தள்ளிவிட்டு வீட்டுக்காரன் ஆனது. ஜெர்மன்காரர் இன்னும் அந்தப் பழைய வினையைத்தான் ‘நேமன்’ என்று சொல்கிறார்கள். இங்கிலீஷில் அது செத்துவிட்டது, இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டு. ஒன்று ‘நம்’: விறைத்துப்போன, அதாவது உணர்ச்சி எடுக்கப்பட்டுவிட்ட. மற்றது ‘நிம்பிள்’: சட்டென்று எடுக்கத் தெரிந்த, துரிதமான. இந்த இரண்டையும் படிப்பிக்க நீங்கள் படம் தேட வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் காலை ஏழரைக்கு மலையில் நிரை பிடித்து நிற்கும் ஒரு தாயின் விரல்களைப் பாருங்கள். ஈரக் கொழுந்தைத் தொட்டதும் விறைக்கின்றன. வெயில் ஏறி, பத்து மணிக்கு அதே விரல்கள் மட்டக்கம்புக்கு மேலே ஓடுவதைப் பாருங்கள். ரெண்டு இலை ஒரு மொட்டு, ரெண்டு இலை ஒரு மொட்டு, கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள். செத்துப்போன அந்த வினையின் இரண்டு பிள்ளைகளும் ஒரே கையில் இருக்கின்றன.

இப்போது என் கோரிக்கையின் உள்ளே வருகிறேன். உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ‘டேக்’ தெரியாது என்று நினைத்துத் தொடங்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ‘எடு’ தெரியும். அதன் எல்லா வேலைகளும் தெரியும். அம்மா கொழுந்து எடுக்கிறார். தங்கச்சி வாந்தி எடுக்கிறாள். தம்பிக்குப் பசி எடுக்கிறது. அக்கா கணக்கில் எழுபது புள்ளி எடுத்தாள். மாமா லோன் எடுத்தார். நாயைக் கண்டதும் பையன் ஓட்டம் எடுத்தான். பெரியப்பா நல்ல பேர் எடுத்தவர். பக்கத்துத் தோட்டத்தில் பெண் எடுத்தார்கள். தாத்தா பேச்சை யாரும் எடுத்தெறிந்து பேசுவதில்லை. கடைசி வாக்கியத்தில் யார் எதை எடுத்து எங்கே எறிந்தார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. எடு என்ற வினை துணைக்கு வரும் சொல்லைப் பொறுத்து நிறம் மாறும் என்பது, பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே, மலையடிவாரத்துப் பிள்ளைக் காம்பிராவில் கிடந்தபோதே அதன் காதில் ஏறிவிட்டது. இங்கிலீஷ்காரன் ‘டேக் ஒஃப்’, ‘டேக் ஓவர்’, ‘டேக் ஆஃப்டர்’ என்று சொல்லும்போது செய்வதும் இதையேதான். எடுத்துவை, எடுத்துச்சொல், எடுத்துநடத்து, எடுத்தாள் என்று பழகிய பிள்ளைக்கு அது புது வித்தை இல்லை. அதை நீங்கள்தான் அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

ஞாபகப்படுத்திய பிறகு இரண்டையும் உரசிப் பாருங்கள். அங்கேதான் பாடம் இருக்கிறது. லோன் எடுப்பது ‘டேக்’கோடு பொருந்தும். படம் எடுப்பது, லீவு எடுப்பது, முடிவு எடுப்பது பொருந்தும். ஓட்டம் எடுப்பதற்கும்கூட இங்கிலீஷில் ‘டேக்’ போட்ட ஒரு மரபுத்தொடர் இருக்கிறது, குதிகாலை நம்பி ஓடுவது. பசி எடுப்பது பொருந்தாது. வாந்தியும் பொருந்தாது. புள்ளி எடுப்பதற்குக் ‘கெட்’ வேண்டும். பெயர் எடுப்பதற்கு ‘மேக்’ வேண்டும். தாய்மார் நாள் முழுக்கச் செய்யும் கொழுந்து எடுப்புக்கு ‘பிளக்’ என்ற வேறு சொல். மறுபக்கம் பாருங்கள்: இங்கிலீஷில் ‘டேக்’ சொல்லும் இடமெல்லாம் நாம் ‘எடு’ சொல்வதில்லை. நாற்று வேர் பிடிக்கிறது, அங்கே ‘டேக்’. கூரையில் தீப் பிடிக்கிறது, அங்கேயும் சொல்லலாம். அப்பாவை உரித்து வைத்ததுபோல் பிள்ளை இருந்தால் அது ‘டேக் ஆஃப்டர்’. கோபித்துக்கொள்வது, பார்த்துக்கொள்வது என்று நாம் ‘கொள்’ சேர்க்கும் பல இடங்களில் அவர்களுக்கு ‘டேக்’. கண்டிக்குப் போக எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரர் கேட்பார்; நாம் “எவ்வளவு நேரம் எடுக்கும்” என்போம். இந்த ஒன்றில் நம் பேச்சு இங்கிலீஷுக்கு அவர்களைவிடக் கிட்ட இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். உன் வீட்டுப் பேச்சு உனக்குத் தடை என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு இடத்திலாவது அது உதவி என்று தெரியட்டும்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் ஒருவரைக் கூப்பிட நாம் ‘கோல் எடுக்கிறோம்’. சிங்களவரும் அதே மாதிரி, ‘கோல் எகக் கன்னவா’ என்பார்கள். ‘கன்னவா’ என்றால் எடுப்பது, வாங்குவது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஆகவே இங்கிலீஷில் ‘ஐ டுக் எ கோல்’ என்று எழுதுகிறார்கள். இங்கிலீஷ்காரனுக்கு அதன் அர்த்தம் தலைகீழ்: வந்த அழைப்புக்கு நான் பதில் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன், கொழும்பில் வேலை கேட்டு விண்ணப்பித்துவிட்டு, ஒன்பது மணிக்கு உங்கள் ஒபிசுக்குக் கோல் எடுத்தேன், யாரும் பேசவில்லை என்று எழுதினான். அவன் எழுதிய இங்கிலீஷின்படி ஒபிஸ்தான் அவனைக் கூப்பிட்டது, இவன்தான் பேசவில்லை. பதில் வரவில்லை. அந்த ஒரு வரியால்தான் வரவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருசம் இங்கிலீஷ் படித்த பையனுக்கு அந்த ஒரு வரியை ஒருவரும் திருத்திக் கொடுக்கவில்லை என்பது உண்மை.

சில இடங்களில் இரண்டு மொழியும் இம்மியும் பிசகாமல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றையும் மறைக்காமல் படிப்பியுங்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி, இதே ஹேவாஹெட்டவின் முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நாட்டின் மந்திரிசபையையே ஆட்டிவைத்த சூடு அது. அந்தத் துவக்கு ஓர் உயிரை எடுத்தது என்று நாம் சொல்வோம். இங்கிலீஷிலும் அதே வினை, அதே பொருள், ஒரு சொல் கூட மாற்ற வேண்டியதில்லை. போராட்டத்தைக் கையில் எடுப்பதும் அப்படியே. தோட்டங்களை 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்கீழ் அரசாங்கம் எடுத்தது, 1992இல் அவற்றின் நிர்வாகத்தைக் கம்பெனிகள் எடுத்தன. இரண்டுக்கும் ‘டேக் ஓவர்’. 1964 ஒக்டோபரில் டில்லியில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். செயப்பாட்டுவினையை, அந்த ‘டேக்கன்’ என்ற வடிவை, பத்தாம் தரத்தில் விளக்க வரும்போது பயிற்சிப் புத்தகத்தின் ‘அப்பம் பூனையால் உண்ணப்பட்டது’ மாதிரியான வாக்கியங்கள் எதற்கு? எடுக்கப்பட்ட உயிர், எடுக்கப்பட்ட காணி, எடுத்துக்கொள்ளப்பட்ட ஆட்கள் என்று இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி கதையே அந்த வடிவில் இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்திட்டம் முடிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டும் என்று சொல்வீர்கள். ஒரே ஆசிரியர் நாலு வகுப்புக்கு ஓடுகிற பாடசாலைகளும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வினைக்கு ஒரு வாரம் கேட்கிறேன், அவ்வளவுதான். ‘டேக் - டுக் - டேக்கன்’ என்று கூரை அதிரச் சொல்லவைக்கும் இருபது நிமிசத்தை இதற்குக் கொடுங்கள். அந்தப் பாட்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை, அத்தை போத்தலை நீட்டியபோதும் மறந்திருக்கவில்லை. மூன்று வடிவமும் தெரிந்துதான் பிழை விட்டேன்.

தவணை தொடங்கி ஆறாம் தரத்துக்குள் நுழையும் முதல் நாள், கரும்பலகையை வெறுமையாக விடுங்கள். நேற்று அம்மா மலையில் எத்தனை கிலோ எடுத்தார் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். வீட்டில் ‘எடு’ வருகிற பத்து வாக்கியம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் அந்தக் கொப்பிகளை விரித்து, எது ‘டேக்’, எது இல்லை என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரியுங்கள். மூன்றாம் நாள் வீட்டில் கிடக்கும் மருந்துப் பெட்டி, மருந்து உறை, வெறும் போத்தல் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, அவற்றில் அச்சடித்திருப்பதை ஒவ்வொரு பிள்ளையும் சத்தமாக வாசித்து, தமிழில் சொல்லும்வரை இருங்கள்.

அன்புடன்,
ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்த உங்கள் பழைய மாணவன் ஒருவன்